இடம் மாறிய கொழுப்பு

என் உடம்பில் அறுபத்தொரு வருஷமாக ஒருவர் குடியிருந்தார். வாடகைத் தகராறு இல்லை, வாய்ச்சண்டை இல்லை, ராத்திரியில் கதவைத் தட்டிய பேச்சே இல்லை. குடியிருந்த இடம்தான் சங்கடமானது. நாற்காலியில் உட்கார்ந்தால் எது முதலில் நாற்காலியைத் தொடுமோ, அந்த இடம். அதிலும் இடப்பக்கம். நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் இதற்கு மேல் விலாசம் கொடுக்கக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் விலாசத்தை எடுத்துவிட்டால் கதையே இல்லை. ஆகவே பிட்டம் என்று ஒரே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இனிமேல் 'அந்த இடம்' என்று வந்தால் நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டியது.

பிறந்த அன்றே அங்கே கடுகு மாதிரி நாலைந்து இருந்ததாம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி அரிக்கேன் விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "மச்சந்தான் ஆத்தா. இவனுக்கு உட்கார்ந்த இடத்துல சோறு கிடைக்கும்" என்று சொன்னாளாம். வாக்கு பலித்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராகச் சேர்ந்து, முப்பத்தாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். குழம்பு, கூட்டு பற்றி மருத்துவச்சி ஒன்றும் சொல்லாமல் விட்டதன் பலனையும் அனுபவித்தேன்.

எனக்கு மீசை முளைத்த காலத்தில் அந்தக் கடுகுகளும் வயசுக்கு வந்தன. கடுகு துவரம்பருப்பாயிற்று. துவரம்பருப்பு கொண்டைக்கடலையாயிற்று. அப்புறம் பக்கத்துப் பக்கத்துக் கடலைகளெல்லாம் கைகோத்துக்கொண்டு இரண்டு விரல் அகலம், மூன்று விரல் நீளத்துக்கு மெத்தென்று ஒரு திட்டாக அமைந்தன. அதோடு நின்றுவிட்டன. வலி இல்லை, அரிப்பு இல்லை. காவேரியில் குளிக்கிற பையன்கள் எனக்குக் 'கடலை' என்று பெயர் வைத்ததைத் தவிர வேறு பக்கவிளைவு இல்லை. வேலைக்குப் போன பிறகு வலப்பக்கப் பையில் மணிபர்ஸ் வைத்துக்கொண்டேன். வருஷம் ஆக ஆக வலப்பக்கம் மெலிந்தது. இடப்பக்கம் மட்டும் கொழுமையாகவே இருந்தது. உடம்புக்கும் ஒரு ஐந்தொகை உண்டு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு வந்தது வினை. திண்ணையில் போட்டுக்கொள்ளப் பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கினேன். உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து, ஆறே மாதத்தில் வேட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு. துணி துவைக்கிற கல்லருகிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, இது என்ன?"

"வெற்றிலைக் கறையா இருக்கும்."

"வெத்திலையை எந்தப் பக்கமாப் போடுறீங்க?"

கணக்கர் என்றால் எந்தக் கேள்விக்கும் சமாதானம் எழுதத் தெரிய வேண்டும். இதற்கு எனக்கு எழுதத் தெரியவில்லை. உள்ளே கூப்பிட்டுக் குப்புறப் படுக்கச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவளுக்குத் தெரிந்த சமாசாரம்தான். சீர்வரிசைப் பட்டியலில் இல்லாத பொருளைப் பற்றி எதற்குக் கேட்க வேண்டும் என்று பெருந்தன்மையாக இருந்திருக்கிறாள். இப்போது, "மேல் தோல் உராய்ஞ்சிருக்கு. ஆனா இதை என்னன்னு பார்த்துடணும்" என்றாள்.

பகலில் அது எனக்கு மச்சம். ராத்திரி ஒரு மணிக்கு எந்தக் கட்டியும் புற்றுநோய்தான். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்து, சேமநலநிதி, நகைக்கடன், வீட்டுப் பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்பது வரை மனசுக்குள் எழுதி முடித்தேன். பக்கத்தில் மனைவி குறட்டை விட்டாள். கணவன் சாகக் கிடக்கும்போது இப்படியும் ஒரு தூக்கமா என்று அவள் மேல் கோபம் வந்தது. சாகக் கிடப்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்பது காலையில்தான் ஞாபகம் வந்தது.

இதற்குள் மாமியாருக்குத் தகவல் போய்விட்டது. "மாப்பிள்ளைக்கு மருவா? குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டினா எட்டாம் நாள் தானா விழுந்துடும்" என்று தீர்ப்பு வந்தது. கும்பகோணத்தில் ஜட்கா வண்டி ஓடிய காலத்தில் சொல்லியிருந்தால் சுலபம். இப்போது குதிரைக்கு எங்கே போவது? கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தேன். முடி ஐம்பது ரூபாய் என்றார். "ஒரு முடியா?" என்றேன். "குதிரை ஒண்ணுதான சார் இருக்கு?" என்றார். மூன்று முடி நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் தொழில்நுட்பக் கோளாறு புரிந்தது. முடி கட்ட வேண்டுமென்றால் மருவுக்குக் காம்பு வேண்டும். என்னுடையதற்குக் காம்பே இல்லை. தோசைக்கல்லில் ஊற்றிய ஊத்தப்பம் மாதிரி அகலமாகப் படிந்திருந்தது. ஊத்தப்பத்தை முடியால் கட்ட முடியாது. காம்பு இருந்தாலும் கட்டக் கூடாது, சீழ் பிடித்துவிடும் என்று பின்னால் டாக்டர் சொன்னது வேறு விஷயம். அந்த மூன்று முடிகளும் இன்னும் பீரோவில் இருக்கின்றன. நூற்றைம்பது ரூபாய் முடியைத் தூக்கியெறிய மனசு வரவில்லை.

அடுத்தது அம்மான் பச்சரிசிச் செடி. கிள்ளினால் வருகிற பாலைத் தடவினால் பாலுண்ணி உதிரும் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். தடவிவிட மனைவி மறுத்துவிட்டாள். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் ஒரு சவரக் கண்ணாடியைப் பிடித்து, எது இடது, எது வலது என்று குழம்புகிற அந்த மாய உலகத்தில் குறி பார்த்துத் தடவினேன். பால் பட்டது வேறு எங்கோ. இரண்டு நாள் நான் திண்ணைக்கு வரவில்லை.

எண்பத்துநாலு வயசு அம்மாவுக்கு மனிதர்களிடம் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. "வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுட்டு வா. தையல்நாயகி பார்த்துப்பா" என்றாள். போனேன். உப்பும் மிளகும் போட்டேன். சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்தேன். பிரசாதமாகத் திருச்சாந்துருண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் என்னை ஏதோ விரதக்காரர் என்று நினைத்து மரியாதையாக நடத்தினார்.

நடுவில் போட்டோ விவகாரம் ஒன்று நடந்தது. என் தம்பி மகள் சென்னையில் மருத்துவம் படிக்கிறாள். அவளுக்கு ஒரு படம் அனுப்பிக் கேட்கலாம் என்று மனைவி யோசனை சொன்னாள். ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்று நான் போட்ட நிபந்தனைப்படி, கிட்டே போய், திட்டு மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தாள். படத்தைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. அனுப்பும்போது விரல் தவறி, படம் மனைவியின் தங்கைக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு நாலு நாள் முன்பு. இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது: "பாகு முத்திப்போச்சுக்கா. அதான் அதிரசம் இப்படிக் குமிழ் குமிழா வந்திருக்கு. மாவுல கொஞ்சம் ஈரம் இருக்கணும்." உண்மையைச் சொல்ல முடியுமா? "அடுத்த ஈட்டில் சரி பண்ணிக்கறேன்" என்று மனைவி பதில் போட்டாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அதிரசம் சுடவில்லை. சுட்டாலும் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

ஆங்கில வைத்தியத்திலும் உடனே விடை கிடைத்துவிடவில்லை. மருந்துக்கடைக்காரர் விலாசத்தைக் கேட்டதுமே மூலம் என்று முடிவுகட்டிக் களிம்பு கொடுத்தார். பார்க்காமலே நோய் சொல்கிற தீர்க்கதரிசி. தெருமுனை டாக்டர் துணிக்கு மேலேயே விரலால் தொட்டுப் பார்த்து, "கொழுப்புக் கட்டி. லைப்போமா. விடுங்க" என்றார். விட்டிருக்கலாம். ஆனால் லைப்போமா என்பது தோலுக்கு அடியில், விரல் பட்டால் நழுவுகிற உருண்டை. என் மாமாவுக்கு முதுகில் இருந்ததை நானே சின்ன வயசில் நகர்த்தி விளையாடியிருக்கிறேன். என்னுடையது நழுவவில்லை, தோலோடு தோலாக வந்தது. கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குத் தூக்கம் வராது. தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டேன்.

டாக்டர் என்றால் வழுக்கையும் வெள்ளெழுத்துக் கண்ணாடியுமாக ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். என் மகள் வயசில் ஒரு பெண் இருந்தார். வந்த வழியே திரும்பியிருப்பேன். மனைவி வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை வருஷமா இருக்கு சார்?"

"பிறந்ததிலிருந்து."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"பிரம்பு நாற்காலி வாங்கினேன் டாக்டர்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடி மாதிரி, உள்ளே விளக்கு எரிகிற கருவி ஒன்றை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு கடலையாக விரல் நுனியால் அமுக்கினார். நரம்பு உறையிலிருந்து வளர்கிற ஒரு வகைக் கட்டி இருக்கிறதாம்; அமுக்கினால் சட்டைப் பொத்தான் துளைக்குள் போகிற மாதிரி உள்ளே போகுமாம். என்னுடையது போகவில்லை. அந்த வகைக்கு உடம்பில் பழுப்புத் திட்டுகளும் இருக்கும் என்று முதுகையும் அக்குளையும் தேடினார். இல்லை. "நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை பாருங்க" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது பெரும்பாலும் ஒரு பக்கத்தோடயே நின்னுடும்." கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் பக்கத்து மனைக்காரருக்கு இந்தப் பண்பில் பாதி இருந்திருந்தால் கொல்லைச் சுவர் விவகாரம் கோர்ட்டுக்குப் போயிருக்காது.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துட்டா தெரிஞ்சுடும்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். அந்த ஊசிதான் வலித்தது. அப்புறம் பேனா மாதிரி ஒன்று. அதன் நுனியில் நாலு மில்லிமீட்டர் வட்டத்துக்குக் கத்தி. வைத்து ஒரு திருகு திருகினார். நெய் பிஸ்கட்டுக்கு மாவு வெட்டுகிற மாதிரி ஒரு குட்டித் துண்டு வந்தது. அதை ஃபார்மலின் ஊற்றிய சின்னப் புட்டியில் போட்டு, என் பெயரை எழுதி, பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிடும்படி என் கையிலேயே தந்தார்கள். ஒரு மனிதன் தன் சதையைத் தானே டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது என்பது பெரிய வேதாந்த அனுபவம். டிக்கெட் எடுக்கும்போது எத்தனை பேர் என்று கண்டக்டர் கேட்டார். ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஒன்று என்றேன்.

கூடத்தின் முன்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பதிவு செய்கிற பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல், "சாம்பிள் எந்த இடத்திலேர்ந்து எடுத்தது?" என்று உரக்கக் கேட்டாள். "தஞ்சாவூர்" என்றேன். "உடம்புல எந்த இடம் சார்?" பதினைந்து பேரும் நிமிர்ந்தார்கள். நான் குனிந்து சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கப் போனபோது பெரியவர் ஒருவர் உள்ளே கூப்பிட்டார். நோய்க்குறியியல் நிபுணர். முப்பது வருஷம் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். மாணவர் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் கிடைத்தேன். சதையை மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, நாலு மைக்ரான் கனத்துக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாகப் பங்குபோட்டால் வருகிற ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவார்களாம். அப்பளம் இடுகிற எவராலும் நெருங்க முடியாத மென்மை. பிறகு சாயம் ஏற்றுவார்கள். உயிரணுவின் கருவுக்கு நீலம் ஏற்றும் ஹீமட்டாக்சிலின், மத்திய அமெரிக்காவில் வளர்கிற ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருகிறதாம். என்னுடைய அந்த இடத்துக்கு அமெரிக்காவிலிருந்து சாயம் வந்திருக்கிறது என்பதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்ல?

"பாருங்க" என்று நுண்ணோக்கியைக் காட்டினார். கண்ணை வைத்தேன். ரோஸ் நிறத்தில் நார் நாராக ஓடியது. நடுவில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், கோலத்துக்கு வைத்த புள்ளி பெருத்துப்போன மாதிரி.

"இந்த ஓட்டையெல்லாம் என்ன சார்?"

"அதுதான் கொழுப்பு."

"காலியால்ல இருக்கு?"

"ஸ்லைடு தயார் பண்ணும்போது ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைச்சுடும். அது இருந்த வீடுதான் மிச்சம். வீட்டுக்குள்ள ஆளைக் காணோம், கரு மட்டும் சுவரோரமா ஒதுங்கி நிக்குது பாருங்க."

இல்லாததை வைத்தே இருந்ததைக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் சங்கத்துத் தணிக்கையாளர்களும் இதே முறையைத்தான் கையாண்டார்கள்.

அன்று சாயங்காலம் தோல் டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு, "நான் நினைச்சதுதான்" என்று சிரித்தார். நோயின் பெயரைச் சொன்னார். நீவஸ் லைப்போமட்டோசஸ் க்யூட்டேனியஸ் சூப்பர்ஃபீஷியலிஸ். என் பெயர், என் அப்பா பெயர், ஊர்ப்பெயர் மூன்றையும் சேர்த்தாலும் இந்த நீளம் வராது. தமிழில் என்னவென்று கேட்டேன். தோலில் மேலாக அமைந்த கொழுப்பு மச்சம் என்றார். அரிக்கேன் விளக்கில் மருத்துவச்சி சொன்னதும் மச்சம்தான். அறுபத்தொரு வருஷம் முன்பே பாதி நோயைச் சொல்லியிருக்கிறாள், ஒரு படி நெல் கூலிக்கு.

தோலில் மேல் அடுக்கு, உள் அடுக்கு, அதற்கும் கீழே கொழுப்பு அடுக்கு என்று வரிசை. கொழுப்பு கீழேதான் இருக்க வேண்டும். என் விஷயத்தில் நன்றாக முதிர்ந்த, எந்தக் குற்றமும் சொல்ல முடியாத கொழுப்பணுக்கள் உள் அடுக்கின் நார்களுக்கு நடுவே, ரத்தக்குழாய்களை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருக்கின்றன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பதிவு சரி, தொகை சரி, பேரேட்டில் கணக்குத் தலைப்பு மட்டும் மாறிவிட்டது. நான் வேலை பார்த்த காலத்தில் இந்தத் தப்பை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது செய்திருக்கிறேன். அது புற்றாக மாறுமா என்று கேட்டேன். "அந்தப் பயமே வேண்டாம்" என்றார்.

"அப்ப கொழுப்பு இருக்க வேண்டிய இடத்துல இல்லாம மேல ஏறிடுச்சு, அவ்வளவுதானே டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

"அவ்வளவுதாம்மா."

"இதைத்தான் நான் கல்யாணம் ஆன நாளிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். யாரும் கேக்கலை."

டாக்டர் பேச்சை மாற்றினார். இது அபூர்வமானது, தன் அனுபவத்தில் இதற்கு முன் ஒன்றுதான் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஜெர்மனியில் ஹோஃப்மன், சூர்ஹெல்லே என்ற இருவர் 1921-ல் முதன்முதலாக இதை எழுதினார்களாம். "அவங்க எழுதின கேஸும் இதே இடம்தான். இடப்பக்கம்." எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூடத்தில் நான் முதலில் வந்ததில்லை. சங்கத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில்லை. ரேஷன் கடையில்கூட என்னை வரிசையில் யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஜெர்மனியில் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு கூட்டாளி, அதுவும் இடது. அந்த ஹோஃப்மன் சாதாரண ஆள் இல்லை, 1905-ல் ஷவுடின் என்பவரோடு சேர்ந்து சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றும் டாக்டர் சொன்னார். மனைவி புருவத்தை உயர்த்தி, "அந்த டாக்டருக்கு இவர் விஷயத்துல என்ன வேலை?" என்றாள். எனக்கும் அவருக்கும் நேரடிப் பழக்கம் இல்லை என்பதை விளக்கக் கும்பகோணம் வரை பஸ் பயணம் சரியாக இருந்தது.

சைலீனில் கொழுப்பு கரைந்த கதையையும் வழியில் சொன்னேன். "அப்ப மிச்சம் இருக்கிறதையும் அதுலயே முக்கி எடுக்கச் சொல்லலாமே" என்றாள். மிச்சம் என்று அவள் சொன்னது என்னை.

வீட்டில் இந்த அபூர்வத்துக்குக் கிடைத்த வரவேற்பு எனக்கு ஏமாற்றம்தான். சர்க்கரை என்றால் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். மூட்டுவலி என்றால் தைலம் சொல்வார்கள். இதயத்தில் அடைப்பு என்றால் ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்கள். என் நோய்க்கு ஊரில் சக நோயாளியே இல்லை. அபூர்வம் என்று ஆரம்பித்தால் "எங்கே?" என்று கேட்கிறார்கள். இடத்தைச் சொன்னால் அபூர்வத்தை மறந்துவிடுகிறார்கள். பிறவிப் பெருமை ஒன்று கிடைத்தும் அதை எடுத்துக் காட்ட முடியாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிகிச்சை அவசியமே இல்லை என்றார் டாக்டர். உறுத்தினால், அசிங்கமாகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். உறைய வைத்தும் லேசரிலும் எடுப்பார்கள். ஆனால் கத்தியால் மொத்தமாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது. நாற்காலியை மாற்றினால் போதாதா என்று நான் கேட்டேன். நாற்காலி இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய் என்று மனைவி ஞாபகப்படுத்தினாள். கட்டியை எடுப்பதென்று முடிவாயிற்று.

ஆபரேஷன் முக்கால் மணி நேரம். மரக்க ஊசி மட்டும்தான். நினைவு முழுக்க இருந்தது. குப்புறப் படுத்திருந்ததால் நான் பார்த்ததெல்லாம் தலையணை உறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரி முத்திரை. பின்னால் டாக்டரும் நர்ஸும் யாருடைய வளைகாப்புக்கோ என்ன சேலை எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு வகையில் தைரியமாக இருந்தது. ஆபத்தான கேஸ் என்றால் சேலை பற்றிப் பேசமாட்டார்கள். முடிந்ததும், "பார்க்கிறீங்களா சார்?" என்று ஒரு தட்டை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார் டாக்டர். அறுபத்தொரு வருஷத் துணை. நல்ல மரியாதையோடு விடைகொடுக்க வேண்டும் என்று தலையைத் தூக்கினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்திருந்தேன். மஞ்சளாக, மசமசவென்று ஏதோ தெரிந்தது. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

பன்னிரண்டு தையல். பதினாலு நாள் உட்காரக் கூடாது. உட்காராமல் ஒரு குடும்பத் தலைவன் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. நின்றுகொண்டு சாப்பிட்டால் விருந்தாளி மாதிரி இருக்கிறது. நின்றுகொண்டு பேப்பர் படித்தால் சலூனில் முறை வராத ஆள் மாதிரி இருக்கிறது. மாமியார் பார்க்க வந்தபோது அவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் சுவரோரமாக நின்றேன். "எங்க மாப்பிள்ளைக்குப் பெரியவங்ககிட்ட எவ்வளவு மரியாதை" என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் வாங்காத பெயரைப் பன்னிரண்டு தையலில் வாங்கினேன்.

தையல் பிரித்து வந்த அன்று அம்மா கேட்டாள், "எத்தனை தையல் போட்டாங்க?" சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்ல? தையல்நாயகி பார்த்துப்பான்னு. பேர்லயே இருக்கே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருத்துவக் காப்பீட்டைவிட இது உறுதியான வாக்காக இருந்தது.

காப்பீடு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டிய ஒரு நிறுவனத்துக்கு, பில்லையெல்லாம் வரிசையாக ஒட்டி இருபத்தோராயிரத்து நானூறு ரூபாய்க்கு விண்ணப்பம் போட்டேன். நிராகரித்துக் கடிதம் வந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, இது அழகுக்காகச் செய்துகொண்ட சிகிச்சை. அறுபத்தொரு வயசில், அந்த இடத்துக்கு, யாரிடம் காட்டுவதற்காக நான் அழகு சிகிச்சை செய்துகொண்டேன் என்பதைக் கடிதம் விளக்கவில்லை. மனைவி அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இரண்டாவது, இது பிறவியிலேயே வந்தது. உடலின் கண்ணுக்குத் தெரிகிற, எளிதில் எட்டக்கூடிய பாகத்தில் இருப்பது. அத்தகைய பிறவிக் குறைகளுக்குப் பாலிசியில் இடமில்லை.

மேல்முறையீடு எழுதியிருக்கிறேன். மேற்படி பாகம் விண்ணப்பதாரரின் கண்ணுக்கு இந்நாள் வரை தெரிந்ததில்லை. அதை எட்டுவதற்குக் கண்ணாடி இரண்டும் மனைவி ஒருவரும் தேவைப்பட்டது. அம்மான் பச்சரிசிப் பால் சம்பவமே இதற்குச் சாட்சி என்று மூன்று பக்கம். எழுதும்போது பிரம்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை.

தழும்பு பதினோரு சென்டிமீட்டர் நீளம், நேர்கோடு, நன்றாக ஆறியிருக்கிறது என்று மனைவி சொல்கிறாள். நான் இன்னும் பார்க்கவில்லை.